பாகைக்கு அரைக் கிலோமீட்டர்

இருபத்தெட்டு கிலோமீட்டர்.
தட்டையென்று பெயர்வாங்கிய சஸ்காட்சுவானிலும்
நடுவே பூமிக்குத் தொப்பை இருக்கிறது,
நாற்பதடி.
அதைத் தாண்டிப் பார்க்கத்தான்
வாக்காவின் கைவிட்ட தானியக் கோபுரத்து உச்சியில் நானும்
கிழக்கே தன் மேட்டில் நட்ட கம்பத்தில்
ஓரெஸ்ட் ஹ்னாத்யுக்கும்
ஆளுக்கொரு டிஷ் கட்டினோம்.
யார் வீட்டிலோ ஹாக்கி பார்த்துத் தேய்ந்த தட்டுகள்.
குவியத்தில் ஏலத்தில் எடுத்த ரவுட்டரின் குடல்,
பனி புகாமலிருக்க
என் எலுமிச்சை ஊறுகாய் டப்பாவுக்குள்.
நாலுமுறை கழுவியும் வாசம் போகவில்லை.
அலைக்கு மூக்கில்லை என்றார் ஓரெஸ்ட்.

தில்லைநாயகி அவர் வாயில் நிற்கவில்லை.
டில் என்று சுருக்கிவிட்டார்,
அவர் மனைவி பீட்ரூட் சூப்பில் தூவும் இலை.

உரிமத்தின் சட்டம் நேரானது.
அரைமணிக்கு ஒருமுறை உன் அடையாளம் சொல்.
வியாபாரம் பேசாதே.
எதையும் பூட்டி அனுப்பாதே.
ஆகவே எங்கள் பாதையில் வங்கி திறக்காது,
கடவுச்சொல் கேட்கும் எதுவும் வராது.
வருவது
அவருடைய கனோலா குதிரின் வெப்பம்,
என் ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு
தலையிலிருந்து கால்வரை மெல்ல இறங்கும் ஒரு வெள்ளை ஆந்தை.
யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.
இந்தக் குளிரில் எவன் பார்ப்பான், அது வேறு.

பகலில் நான் மருந்தாளர்.

பிப்ரவரியில் ஒரு சீட்டு வந்தது.
லெவோடோபா, கார்பிடோபா, நாளைக்கு மூன்று வேளை.
பெயரை இரண்டுமுறை படித்தேன்.
மஞ்சள் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினேன்,
தப்பிப்போய்
மறுபடி முதலிலிருந்து.
தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.
இறைச்சி சாப்பிடும் வேளையோடு சேர்க்காதீர்கள் என்றேன்.
அப்படியானால் எப்போதுதான் விழுங்குவது என்றார்.
கையெழுத்துப் போட்டார்.
கோட்டின் ஓரத்தில்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு பெயர்.

கடைக்கும் சட்டம் உண்டு: எதையும் திறந்து சொல்லாதே.
பூட்டாதே என்பதிலும் திறக்காதே என்பதிலும்
ஒரே பேனாவால் கையொப்பமிட்டிருக்கிறேன்.

அன்று இரவு எண்கள் ஆடின.
மைனஸ் எழுபத்துநாலு. எண்பத்துமூன்று.
ஒன்றுமில்லை.
எழுபத்தொன்பது.
கம்பத்தை அடியில் பிடித்துக் கையால் திருப்புகிறவர் அவர்,
மோட்டார் வைக்கச் சொன்னால் சிரிப்பார்.
அங்கே ஒரு பாகை பிசகினால்
இங்கே அரைக் கிலோமீட்டர்.
அவருடைய கற்றை
உறைந்த ஏரியைத் தடவுகிறது,
உக்ரேனியக் கோயிலின் வெங்காயக் கும்மட்டத்தை,
எங்கள் தெருவை விட்டுவிட்டு
ஊருக்கு அப்பால் யாருமில்லாத பனியை,
திரும்பவும் கும்மட்டத்தை.

பிறகு திரையில் ஒரு வரி.
*காற்று. தட்டை ஆட்டுகிறது.*

வெளியே பார்த்தேன்.
எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து
புகை நட்டுவைத்த தூணாக நின்றது.
இருபத்தெட்டு கிலோமீட்டருக்குள்
வானிலை மாறலாம்.
மாறுவதில்லை.

*இங்கேயும் காற்றுதான்* என்று அடித்தேன்.
*அவசரமில்லை. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.*
பூட்டில்லாமல், எல்லார் கண்ணுக்கும் முன்னால்,
யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அரைமணி ஆயிற்று.
சட்டப்படி அவருடைய அழைப்புக்குறி வந்தது,
கடைசி எழுத்து மட்டும் மூன்றுமுறை.
திருத்தாமல் என்னுடையதை அனுப்பினேன்.
ஊறுகாய் டப்பா இருட்டில் எங்கோ மேலே.
மைனஸ் எழுபத்தாறு.
அது போதும், ஆந்தை வர.